கொக்குப் போத்தலின் மூடி

"அது இனி வராது, தங்கச்சி. கொம்பனி நிப்பாட்டிப் போட்டுது" என்று கடைக்காரக் காக்கா சொன்னபோது நான் அவரோடு சண்டைக்குப் போனேன். அவர் என்ன செய்வார், பாவம். திருகோணமலைக் கடைத்தெருவில் சவர்க்காரம், பவுடர், சீப்பு என்று விற்கிறவர். கின்னியாவிலிருந்து தினமும் துறை கடந்து வந்து கடை திறக்கிற முஸ்லிம் பெரியவர், கடைத்தெருவில் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். கொழும்பில் ஒரு கொம்பனி ஒரு வாசனைச் சென்ற்றை நிறுத்தினால் அதற்கு அவரா பொறுப்பு? ஆனால் எனக்குக் கோபம் வந்தால் முன்னால் நிற்கிறவருக்குத்தான் விழும்.

"நிப்பாட்டினதோ? ஆரைக் கேட்டு நிப்பாட்டினவை?" என்று கத்தினேன். ரிப்பன் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மனுசி மெல்ல விலகிப் போனாள்.

"உங்களக் கேக்காம நிப்பாட்டினது பிழதான்" என்றார் காக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அந்தச் சென்ற்றுக்கு ஒரு இங்கிலிஸ் பெயர் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதை ஒருவரும் வாயில் வைத்ததில்லை. கைக்கடக்கமான பச்சைப் போத்தல். அதில் ஒட்டியிருக்கும் நீலத் தாளில் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். ஆகவே அது கொக்குச் சென்ற். ஆம்பிளைகளுக்கென்றே கொழும்பில் செய்தது. திறந்தவுடன் தேசிக்காய்த் தோலின் புளிப்பு வாசம் வரும். கொஞ்சம் பொறுத்தால் கராம்பு. அதற்கும் பிறகு, தோலில் பட்டுச் சூடேறின பிறகுதான், நனைந்து காய்ந்த மரத்தின் வாசம் ஒன்று கிளம்பும். அந்த மூன்றாவது வாசத்துக்காகத்தான் நான் வருசக்கணக்காக அலைந்தேன்.

எங்கள் கரைப்பக்கக் குடும்பங்களில் அதற்கு ஒரு முறை இருந்தது. கலியாணத்துக்கு முதல்நாள் பொம்பிளை வீட்டார் கொண்டுபோகிற தட்டத்தில், வேட்டி சால்வைக்குப் பக்கத்தில், ஒரு கொக்குப் போத்தலும் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் நேவி இருந்த காலத்தில் துறைமுகத்தில் வேலை செய்த எவனோ தொடங்கி வைத்த வழக்கம் என்பார்கள். மாப்பிள்ளை அதைத் தாலி கட்டுகிற அன்று பூசுவார். பிறகு கோயில் தேருக்கு, தீபாவளிக்கு, பிள்ளைக்குச் சோறு தீத்துகிற நாளுக்கு. மற்றபடி போத்தல் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும். அந்த ஆள் கண்ணை மூடிய பிறகு, குளிப்பாட்டிக் கிடத்தும்போது, மிச்சத்தை மனைவி அவருடைய நெஞ்சில் ஊற்றிவிட வேண்டும். ஒரு துளியும் வீட்டில் தங்கக்கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு போத்தல், அவ்வளவுதான்.

என்னுடையவர் அந்த ஒழுங்கையெல்லாம் கலியாணம் முடிந்த முதல் கிழமையிலேயே குழப்பிவிட்டார். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற படகில் அவருக்கு வேலை. டீசலும் கயிற்று நாரும் வேர்வையுமாக வருவார். கிணற்றடியில் குளித்துவிட்டு நேரே அலுமாரிக்குப் போய், கொக்குப் போத்தலில் விரலை ஒற்றிக் கழுத்தில் தேய்ப்பார். ஒவ்வொரு நாளும். மாமிக்கு வயிறு பற்றி எரியும்.

"எட மோனே, இப்பிடிக் கொட்டினா உனக்குக் கடைசிக்கு மிஞ்சாதடா!"

"கடைசிக்கு எனக்கு மணக்கவே போகுது? இப்ப மணக்கட்டும்" என்பார்.

மாமி என்னைப் பார்ப்பாள், நீயாவது சொல்லு என்பதுபோல. நான் சொல்லுவேனா? அவர் கழுத்தில் அதைத் தேய்த்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாரென்றால் எனக்கு அடுப்பில் கறி இருப்பதே மறந்துவிடும். வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன். இந்த வயதில் எனக்கு யாரிடம் வெட்கம்?

அந்தப் போத்தலில் ஒரு குறை இருந்தது. மூடி சரியாகப் பூட்டாது. எவ்வளவு இறுக்கினாலும் சாய்த்து வைத்தால் ஒழுகும். என்னுடையவர் வெள்ளை நூலை எடுத்துப் போத்தல் கழுத்தில் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் மூடியைத் திருகி வைப்பார். நூல் நைந்தால் புது நூல். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"இந்தக் கொக்குக்கு வாய் மூடாது. உன்னைப் போல."

நான் கையில் அகப்பட்டதை எடுத்து எறிவேன். ஒரு முறை தேங்காய்ப் பாதி. பட்டிருந்தால் ஆள் அன்றைக்கே போயிருப்பார்.

அவர் போனது வேறு விதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். உப்புவெளியில் அவருடைய கூட்டாளி ஒருவர், சொந்த வள்ளம் வைத்திருந்தவர், தூண்டில் போடப் போவோம் என்று கூப்பிட்டார். கடலில் வேலை செய்கிறவனுக்கு லீவு நாளிலும் கடல்தான். விடிகிற நேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வள்ளம் இரண்டு நாள் கழித்து நிலாவெளிப் பக்கம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. கூட்டாளியும் இல்லை, என்னுடையவரும் இல்லை. சைக்கிள் மட்டும் உப்புவெளியில் ஒரு தென்னை மரத்தில் சாத்தியபடி நின்றது.

உடல் கிடைக்கவில்லை. அதனால் முப்பத்தோராம் நாள் உப்புவெளிக் கடற்கரையில் தர்ப்பையால் ஒரு உருவம் செய்து கிடத்திக் காரியம் செய்தார்கள். பெரியவர்கள் என் கையில் கொக்குப் போத்தலைத் தந்தார்கள். பாதிக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. கொட்டினார் கொட்டினார் என்று மாமி சொன்னதெல்லாம் சும்மா, எவ்வளவு சிக்கனமாகத் தொட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஊத்து பிள்ளை" என்றார்கள்.

"புல்லுக்கு ஏன் ஊத்த வேணும்?" என்று கேட்டேன்.

"அப்ப கடல்ல ஊத்து. அவன் கடல்லதானே இருக்கிறான்."

"அவர் கடல்ல இருக்கிறார் எண்டு ஆர் கண்டது?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். நான் போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊர் கண்ணும் மூக்கும் வைத்துக் கதைத்தது. எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றார்கள். சாமானை அடக்கி வைத்திருக்கிறாள், அவனுடைய ஆத்மா அலையப் போகிறது என்றார்கள். அலையட்டும், அலைந்து வீட்டுக்கு வரட்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமியும் இரண்டாவது வருசம் போய்ச் சேர்ந்தாள். அவருடைய வேலைக்குப் பதிலாக எனக்குத் துறைமுகத்துக் கன்ரீனில் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை தந்தார்கள். பகலில் ஆயிரம் சத்தம். வீட்டுக்கு வந்தால் அலுமாரியைத் திறந்து போத்தலை மூக்கில் வைப்பேன். அவர் முகம் கலியாணப் படத்தில் இருந்தது, ஆனால் படம் பிடிக்கிறவன் அசையாதே என்று சொன்னதால் அது அவர் முகமாகவே இல்லை. குரல் எப்போது என்னை விட்டுப் போனது என்று தெரியவில்லை. ஒரு நாள் நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. அவர் சொன்ன சொல் எல்லாம் இருக்கிறது, சொன்ன குரல் இல்லை. எனக்கு மிஞ்சியிருந்தது அந்த வாசம் ஒன்றுதான்.

அதுவும் போயிற்று. கழுத்தில் அவர் சுற்றியிருந்த நூல் எப்போது நைந்து விழுந்ததோ, நான் கவனிக்கவில்லை. இறுக்கித்தானே பூட்டுகிறேன் என்று இருந்துவிட்டேன். ஸ்பிரிட்டுக்குப் பறக்கச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு நாள் திறந்து பார்த்தால் அடியில் மஞ்சளாக ஒரு கறை. முகர்ந்தால் பழைய தகர வாசம். ஐயோ என்று அலுமாரிக்கு முன்னாலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். கரையில் அன்று அழாத அழுகையெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. அடுத்த நாள் புதுப் போத்தல் வாங்கத்தான் காக்காவின் கடைக்குப் போனேன்.

காக்காவிடம் சண்டை பிடித்ததற்கு அடுத்த கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊரில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. அவர் கேட்டுவிட்டு, "நமக்கு அத்தர்தான், இந்த ஸ்பிரிட்டுச் சாமான் ஆகாது. ஆனா நீங்க செல்லுறது எனக்கு வெளங்குது" என்றார். முதலில் அவர் சொன்ன காரணம், சாமான் தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவர ஏலாது. பாணுக்குக் கியூ, சீலைத்துணிக்குக் கியூ. கொக்குக்கு வேண்டிய வாசனை எண்ணெய் வெளியிலிருந்து வர வேண்டும், அரசாங்கம் விடாது. அதை நான் நம்பினேன். நாடே கிழங்கு அவித்துத் தின்கிற நேரத்தில் எனக்குச் சென்ற் கேட்க வாய் வரவில்லை.

பிறகு அரசாங்கம் மாறியது. கடைகளில் சாமான் வந்து கொட்டியது. காக்காவின் கண்ணாடி அலுமாரியில் வெளிநாட்டுச் சென்ற்றுகள் வரிசையாக ஏறின. கொக்கை மட்டும் காணவில்லை. "இப்ப ஆர் தடுக்கிறது?" என்று கேட்டேன். காக்கா என்னை மாதக் கடைசியில் வரச் சொன்னார். கொம்பனி வான் வருகிற நாள் அது.

வானில் வந்த கொம்பனி ஆள் நல்ல மனுசன். அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பவுடர் பெட்டிகளை இறக்கிவிட்டு நின்றவரைப் பிடித்துக்கொண்டேன். முதலில் அதையும் இதையும் சொல்லி மழுப்பினார். நான் விடுகிற ஆளா?

"அக்கா, உண்மையைச் சொன்னா கோவிக்கக் கூடாது" என்றார் கடைசியில். "எனக்கு முதல் இந்தப் பக்கம் வந்தவர் இஞ்ச ஒரு செத்தவீட்டுக்குப் போயிருக்கிறார். அங்க பிரேதத்துக்குக் கொக்குச் சென்ற்றை ஊத்தினதைக் கண்டிட்டார். கொழும்புக்குப் போய் இது செத்தவீட்டுச் சாமான் எண்டு சொல்லிப் போட்டார். விசாரிச்சுப் பார்த்தா, ஒருத்தர் செத்தா மனுசிமார் அலுமாரியைத் திறந்து இதைத்தான் எடுக்கினம் எண்டு கடைக்காரரும் சொல்லியிருக்கினம். பிறகு எந்த ஆம்பிளை அதை வாங்கிப் பூசுவான்?"

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அந்த ஆள் போத்தலின் அடியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். மேலே முக்கால்வாசியும் எங்கே போனது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

"உங்கட பெரியவர் ஆர்? எங்க இருக்கிறார்?" என்று கேட்டேன்.

கன்ரீனில் லீவு சொல்லிவிட்டுக் கொழும்புக்கு ரயில் ஏறினேன். அதற்கு முதல் நான் போன தூரப் பயணம் மூதூருக்கு. கைப்பையில் காய்ந்த போத்தல், ஒரு கைலேஞ்சியில் சுற்றியபடி. காக்கா வழியெல்லாம் எழுதித் தந்திருந்தார். "அங்க போய் வாயால கெடுத்துப் போடாதீங்க. எத்தின பெட்டி எடுப்பீங்க எண்டு கேப்பாங்க. பத்து எண்டு செல்லுங்க. பத்து நான் எடுக்கிறன்" என்றும் சொல்லியிருந்தார்.

கொம்பனிக் கந்தோரில் என்னை நெடுநேரம் கதிரையில் இருத்தி வைத்தார்கள். பெரியவர் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, வயதான மனிதர். கொழும்புத் தமிழ் கதைத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். நானும் அமைதியாகத்தான் தொடங்கினேன்.

"ஐயா, அது செத்தவீட்டுச் சாமான் இல்லை. கலியாண வீட்டுச் சாமான். மாப்பிள்ளைக்கு நாங்கள் குடுக்கிறது. நல்ல நாள் பெருநாளுக்கு அவர் போடுவார். மிஞ்சினதைத்தான் கடைசியில அவருக்கே குடுக்கிறது. உங்கட ஆள் கடைசி நாளை மட்டும் பார்த்திட்டுப் போய் ஊருக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்திருக்கிறார்."

அவர் மெல்லத் தலையாட்டினார். "நல்ல வழக்கம்தான். அப்ப ஒரு ஆள் எத்தனை போத்தல் வாங்குவார்?"

"ஒண்டு."

"வருசத்துக்கா?"

"இல்லை. ஒரே ஒண்டு. அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, ஆயுசுக்கு ஒரு போத்தல் வித்து நான் எப்படிக் கொம்பனி நடத்துறது?"

என் வாயே எனக்கு எதிரி என்று அப்போது நன்றாக விளங்கியது. காக்கா சொல்லித்தான் அனுப்பினார். திரும்பி எழும்பிப் போயிருப்பேன், ஆனால் காய்ந்த போத்தல் மடியில் கனத்தது. எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"என்ர மனுசன் அப்பிடி இல்லை. அவர் ஒவ்வொரு நாளும் போட்டவர். தாய் ஏசுவா. கடைசிக்கு மணக்கவே போகுது, இப்ப மணக்கட்டும் எண்டு சொல்லிச் சொல்லிப் போட்டவர். கடைசிக்கு ஊத்த அவர் கிடைக்கேல்லை, ஐயா. கடல் கொண்டு போட்டுது. மிச்சம் இதுக்குள்ள இருந்தது. இப்ப அதுவும் இல்லை. எனக்கு அவரிட்ட இருந்து வேற ஒண்டும் இல்லை."

அவர் அந்தப் போத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரையோ கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். மாதிரிக்கென்று கந்தோர் அலுமாரியில் பூட்டி வைத்த ஒரு கொக்குப் போத்தல் வந்தது. கழுத்து வரை நிறைந்தபடி. அதை அவர் திறந்தார். இன்னும் பழுதாகாமல் இருக்கிறதா என்று பார்க்க, தன் மணிக்கட்டில் இரண்டு துளி விட்டுத் தேய்த்தார். தேசிக்காய்த் தோல். பிறகு கராம்பு. "சரியாத்தான் இருக்கு" என்று மூடப் போனார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

அவரும் பொறுத்தார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அது வந்தது. முன்பின் தெரியாத ஒரு கிழவரின் மணிக்கட்டிலிருந்து, என் வீட்டுக் குசினி வாசலில் நின்ற வாசம். எனக்கு ஏலாமல் போய்விட்டது. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன், அதில் என்ன படம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவர் ஏதோ எடுக்கக்கூடாததை எடுத்தவர்போலக் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

மற்றக் கையால் போத்தலை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, "எத்தனை பெட்டி எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"இருபது" என்றேன். காக்கா பத்து என்று சொல்லச் சொன்னவர். என் வாய்க்கு அது போதவில்லை.

"சித்திரை வருசத்துக்கு அனுப்புறேன். தீபாவளிக்குள்ள இருபதும் முடிஞ்சா தொடர்ந்து செய்வோம். இல்லாட்டி அத்தோட சரி." பிறகு போத்தலைத் திரும்பவும் பார்த்தார். "இதுட மூடியைப் பத்தி முறைப்பாடு இருந்துச்சு. ஒழுகுதாம். இப்ப நல்ல பிளாஸ்டிக் மூடி வந்திருக்கு, அதைப் போடட்டுமா?"

"ஒண்டையும் மாத்தக் கூடாது."

"அம்மா, மூடிதானே..."

"மூடியும்தான். கொக்கு, தாள், பச்சைப் போத்தல், மூடி, எல்லாம் அப்பிடியே இருக்க வேணும்."

"சரி, உங்க இஷ்டம்" என்றார். என்னைப்போல ஒரு பைத்தியத்தை அவர் அதற்கு முதல் கண்டிருக்க மாட்டார்.

இருபது பெட்டி என்றதும் காக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா! தங்கச்சி, கின்னியா, மூதூர், தோப்பூர் எங்கயும் நம்ம ஆக்கள் இதை வாங்க மாட்டாங்க. ஆருக்கு விக்கிற?"

"நான் விக்கிறன்" என்றேன்.

விற்றேன். துறைமுகத்தில் வேலை செய்கிறவன் ஒருவனும் என் தேத்தண்ணி குடிக்காமல் அந்த வாசலைத் தாண்ட ஏலாது. கொக்கு வந்திறங்கிய நாளிலிருந்து நான் ஒவ்வொருவனையும் முகர்ந்து பார்க்கத் தொடங்கினேன். டீசல் மட்டும் மணந்தால் தேத்தண்ணியில் சாயம் குறையும். கொக்கு மணந்தால் சீனி ஒரு கரண்டி கூட. "அக்கா, இது அநியாயம்" என்று கத்துவார்கள். "நல்ல நாளைக்கெண்டு வீட்டில வைச்சிருக்கிறன்" என்று சிலர் சொல்லுவார்கள்.

"கடைசிக்கு உனக்கு மணக்கவே போகுது? இப்ப மணக்கட்டும், போடு!" என்பேன்.

அது பிறகு துறைமுகத்தில் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. கயிறு இழுக்கிறவன் மூட்டை தூக்குகிறவனுக்குச் சொல்லுவான். யார் சொன்னது, எங்கே சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கொம்பனியில் கொமிசன் என்று ஒரு கதை. கொம்பனிக்காரனைக் கட்டப் போகிறேன் என்று இன்னொரு கதை. அப்படிச் சொன்ன கிரேன் சாரதியைத் தேத்தண்ணி வடியோடு துரத்தினேன். துரத்திவிட்டு வந்து கன்ரீனுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆடி மாதம் முடிய முதலே இருபது பெட்டியும் போயிற்று. கொம்பனி திரும்பவும் அனுப்பியது. பிறகு கேட்காமலே அனுப்பியது. ஊரில் ஆம்பிளைகள் தினமும் கொக்குப் பூசத் தொடங்கினார்கள்.

முதல் பெட்டி உடைத்த அன்றே காக்கா ஒரு போத்தலை எடுத்து என் கையில் வைத்திருந்தார். காசு வாங்கவில்லை. "மச்சானுக்கு நான் குடுத்தது எண்டு வைங்க" என்றார். அந்த ஊரில் என்னுடையவரைப் பற்றி உயிரோடு இருக்கிற ஆளைப்போலக் கதைத்தவர் காக்கா ஒருவர்தான். அந்தப் போத்தலை நான் உடனே திறக்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, தினமும் பார்த்துவிட்டுப் படுப்பேன். உப்புவெளிக் கரையில் நான் கொடுக்க மறுத்தது மனதில் கிடந்து குத்திக்கொண்டேதான் இருந்தது. இப்போதுதான் என்னிடம் முழுப் போத்தல் இருக்கிறதே. அவருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நான் வைத்துக்கொள்ளலாம். அவருடைய திதி நாளன்று போவதென்று முடிவு செய்தேன்.

அன்று காலை குளித்து, போத்தலைத் திறந்து ஒரே ஒரு முறை முகர்ந்தேன். தேசிக்காயும் கராம்பும்தான் வந்தது. மூன்றாவது வாசம் போத்தலில் இருக்காது, அதற்கு ஒரு ஆளின் தோல் வேண்டும். இறுக்கி மூடி, கைப்பையில் பூக்களோடு கிடத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

யன்னல் ஓரம் இருக்கை கிடைத்தது. பஸ் ரவுனை விட்டு வெளிக்கிடும் நேரம் எனக்குப் பின்னால் யாரோ ஒருவர் வந்து இருந்தார். கொக்கு. கன்ரீனில் அது எனக்குப் பழகிவிட்டது. அங்கே நாற்பது பேர், கூச்சல், கொதிக்கிற தண்ணீர். இங்கே ஒருவர். வெயிலில் நடந்து வந்த ஆளாக இருக்க வேண்டும், அவருடைய கழுத்துச் சூட்டில் மூன்றாவது வாசமும் எழும்பி, முன்னுக்கு வந்து என் தோளில் இருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அது எவனோ ஒருவன். திரும்பாமல் இருக்கிற வரைக்கும் அது அவர்தான். வீட்டுக்குப் போகிறோம், அவர் பின் இருக்கையில் இருக்கிறார், இறங்குகிற இடம் வந்ததும் தோளில் தட்டுவார்.

"உப்புவெளி! உப்புவெளி இறக்கம்!" என்று கொண்டக்டர் கத்தினான். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் எழும்பவில்லை. ஊற்ற வேண்டிய கடல் தென்னைகளுக்கு நடுவே தெரிந்து, தெரிந்து, மறைந்தது. வாசம் அப்படியேதான் இருந்தது. அவர் இன்னும் இறங்கவில்லை, பிறகு நான் ஏன் இறங்க வேண்டும்? நிலாவெளி வந்து போனது. வள்ளம் ஒதுங்கின கரையும் போனது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்தது கிடையாது.

பஸ் நின்று எஞ்சினும் நின்றது.

"அக்கா, இறக்கக்கண்டி, கடைசி இடம். இதுக்கு அங்கால பஸ் போகாது. இறங்குங்கோ."

"பின்னால இருக்கிறவர் முதல்ல இறங்கட்டும், தம்பி" என்றேன். இன்னும் திரும்பவில்லை.

"பின்னால ஒருத்தரும் இல்லையே, அக்கா. அவர் உப்புவெளியிலயே இறங்கிட்டார்."

அப்போதுதான் திரும்பினேன். வெறும் இருக்கை. பஸ் முழுக்க வெறுமை. ஆனால் வாசம் போகவில்லை. இன்னும் கிட்டத்தில், இன்னும் சூடாக இருந்தது. குனிந்து பார்த்தேன். மடியில் இருந்த கைப்பையின் அடி ஈரமாக இருந்தது. சேலை நனைந்து தொடையில் ஒட்டியிருந்தது. கை முழுக்கக் கொக்கு. அந்த மூடி! மாற்றாதே மாற்றாதே என்று கொழும்புக்குப் போய்ச் சண்டை பிடித்து வாங்கின மூடி. உப்புவெளியிலிருந்து இவ்வளவு தூரமும் அந்த மூன்றாவது வாசம் என் தோலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதிக்குச் சற்று அதிகமாகவே இருந்தது.

"என்னக்கா, ஒழுகிட்டுதோ?" என்றான் கொண்டக்டர்.

"இந்தக் கொக்குக்கு வாய் மூடாது, தம்பி."

அவனுக்கு என்ன விளங்கும்? என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான். பஸ் திரும்புகிற நேரம் வந்து டிக்கெட் புத்தகத்தை எடுத்தான்.

"திரும்பி எங்க அக்கா, உப்புவெளிக்கோ?"

"இல்லை, ரவுனுக்கு" என்றேன். போத்தலை நிமிர்த்திக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டில் வெள்ளை நூல் இருக்கிறதா, காக்காவின் கடையில் இறங்கி வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.